நாலு டம்ளர்

வாம்மா. செருப்ப உள்ளயே விடு, வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காரு. போன்ல என்ன சொன்ன, யார் என் விலாசம் குடுத்ததா? திருப்பிச் சொல்லு, சரியாக் காதுல விழல.

ரெக்ஸ்லினா.

ம். விலாசம் மட்டும்தான் குடுத்தாளா, வேற எதுவும் சொல்லி அனுப்புனாளா? ஒண்ணும் சொல்லலையா. சரி. அயர்லாந்துல நல்லாத்தான் இருப்பா, நல்லா இருக்கட்டும். யாரும் கெட்டுப் போகணும்னு நெனைக்கிறவ இல்ல இந்தக் கெட்சியாள். ஆனா கிளாஸ் கிடையாதும்மா. நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு. வாசல்ல போர்டு தொங்குதேன்னு பாக்காத, அதக் கழத்த ஏணி போட்டு ஏறணும். ஏணி ஏறுற வேலையெல்லாம் எங்க சார் பாத்துக்கிட்டிருந்தது.

எங்க எந்திரிக்க? இரு. வள்ளியூர்லருந்து பாளையங்கோட்டைக்கு ரெண்டு பஸ் மாறி வந்திருக்க. தண்ணியாவது குடி. ரெக்ஸ்லின் பேரச் சொல்லிட்டு உள்ள வந்துட்ட, இனி உன்னியச் சும்மா அனுப்ப மாட்டேன். அவ ஒரு கதை சொல்லியிருப்பா. நான் சொல்லுததையும் கேட்டுட்டுப் போ. நீயே நியாயம் சொல்லு.

அந்தா, சுவத்துல பாரு. நாலு டம்ளர் தெரியுதா? எங்க சார் வரைஞ்சது, என் வீட்டுக்காரங்க. சற்குணம் சார்னு சொன்னா இந்த ஊர்ல எந்த ஆம்பளைப் பிள்ளைக்கும் தெரியும், முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டர். ரிட்டயர் ஆனப்புறம் என் கிளாஸுக்கு அவங்கதான் சார்ட்டு, டீ, சாக்பீஸ் எல்லாம். நான் இங்கிலீஷ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆன மறு மாசமே இந்த முன்ரூம்ல நர்ஸ் பிள்ளைகளுக்குக் கிளாஸ் ஆரம்பிச்சிட்டேன். வெளிநாட்டு வேலைக்குப் போறதுக்கு ஒரு இங்கிலீஷ் பரீட்சை இருக்குல்லா, அதுக்கு. நீயும் அதுக்குத்தான வந்திருக்க.

அந்த டம்ளர் என்னன்னு கேளு. இங்கிலீஷ்ல ஒரு காரியம் நடக்கும்னு நாம எதிர்பாக்கோம்னா, எந்த அளவுக்கு எதிர்பாக்கோம்னு வாயத் திறக்கும்போதே சொல்லிரணும். நிச்சயம் நடக்கும்னா ‘வில்’. அது நிறைஞ்ச டம்ளர். நடக்கும்னுதான் தோணுது, ஆனா கையெழுத்துப் போட்டுத் தர முடியாதுன்னா ‘ஷுட்’, முக்கா டம்ளர். நடந்தாலும் நடக்கும் நடக்காமலும் போகும்னா ‘மே’, அரை டம்ளர். ‘மைட்’டுன்னா அடியில ஒரு வாய்த் தண்ணி. ‘ஆட் டு’ன்னு ஒண்ணு இருக்கு, அது ஷுட்டுக்கு ஒண்ணுவிட்ட அக்கா, இப்ப யாரும் அத விசேஷத்துக்குக் கூப்பிடுறது இல்ல. புஸ்தகத்துல இதுக்கு எட்டுப் பக்கம் எழுதியிருக்கான். எங்க சார் நாலு டம்ளர வரைஞ்சி முடிச்சிட்டாங்க.

வரைஞ்சிட்டு என்னியக் கேட்டாங்க, “ஏ கெட்சி, என்னியக் கட்டிக்கிடுதேன்னு உங்க அப்பாட்ட சொன்னியே, அது எந்த டம்ளரு?”ன்னு. பன்னெண்டு பிள்ளைக உக்காந்திருக்கு கிளாஸ்ல. எனக்கு வந்த கோவத்துல சாக்பீஸத் தூக்கி எறிஞ்சேன். அவங்களுக்கு அப்படித்தான், நேரங்காலம் கிடையாது விளையாட்டுக்கு.

சரி, விஷயத்துக்கு வாரேன். அந்தப் பரீட்சையில பேச்சுன்னு ஒரு பகுதி. அதிகாரி நோயாளியோட வீட்டுக்காரியா நடிப்பா, நீ நர்ஸா பேசணும். அவ கேப்பா, “எங்க வீட்டுக்காரர் பொழச்சிருவாரா சிஸ்டர்?” நம்ம பிள்ளைக உடனே என்ன சொல்லும் தெரியுமா? “டோன்ட் வொரி, ஹி வில் பி ஆல்ரைட்.” போச்சு. அங்கயே மார்க் போச்சு. அந்த நாட்டுல நர்ஸ் வாக்குக் குடுக்கப்பிடாது. இங்க குடுக்காட்டா அவ நர்ஸே இல்ல. நீயே பாத்திருப்பியே, ஐசியு வாசல்ல ஒரு பொம்பள சேலைத் தலப்பக் கடிச்சிக்கிட்டு நிப்பா, உள்ள ஒண்ணுமே இல்லன்னு நமக்குத் தெரியும், இருந்தாலும் “ஒண்ணும் ஆகாதும்மா, சரியாயிரும், நீங்க போய் ஒரு வாய் காப்பி குடிங்க”ன்னுதான சொல்லுவோம். ஆயா சொல்லுவா, நர்ஸ் சொல்லுவா, பக்கத்து பெட்டுக்காரன் சொல்லுவான். அந்தப் பழக்கத்த வாயிலருந்து புடுங்குறதுதான் என் வேல. புடுங்கியிருக்கேன். அறுபத்தி மூணு பிள்ளைக வெளிநாட்டுல இருக்கு.

ரெக்ஸ்லின்ட்ட மட்டும் அது புடுங்க வரல. கடற்கரைப் பிள்ளை, கருப்பா ஒல்லியா, பேசும்போது கையப் பிசைஞ்சிக்கிட்டே இருக்கும். அப்பாவுக்குக் கடல்ல அடிபட்டு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. கீழ ரெண்டு தங்கச்சி. இங்கன பக்கத்துலயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஐசியு நர்ஸ். ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவயும் பேச்சுல போயிட்டா. எழுத்தெல்லாம் நல்லா வருது, கேக்கது நல்லா வருது, வாயத் திறந்தா ‘வில்’. நான் வீட்டுக்காரியா நடிச்சிக் கேட்டா அவ கண்ணு கலங்கிரும். பிள்ளே, நான் நடிக்கேன்டி! “டோன்ட் வொரி மேடம், ஹி வில் பி ஆல்ரைட்.” சிவப்புப் பேனாவால அடிச்சிட்டு, “நீ என்ன கடவுளா? அவரு உன்ட்ட சொல்லிட்டா உசுர எடுத்துட்டுப் போறாரு?”ன்னு கேப்பேன். ஒருநாள் இந்தச் சார்ட்டு முன்னால நிக்க வச்சி ‘ஐ மஸ்ட் நாட் ப்ராமிஸ்’னு நூறு தடவ சொல்ல வச்சேன். எழுபதுலயோ எம்பதுலயோ அழுதுட்டா. எங்க சார் டீயோட வந்தவங்க, “விடு கெட்சி, பிள்ளைக்கு மனசு எளகின மனசு”ன்னாங்க. எளகின மனசுக்கு அங்க சம்பளம் குடுப்பானா? நான் யாரையும் கடுமையா நடத்துறவ இல்ல, கேட்டுப் பாரு எந்தப் பிள்ளைட்ட வேணும்னாலும். அவ நல்லதுக்குத்தான் செஞ்சேன்.

மாசி கடைசியில எங்க சாருக்கு நெஞ்சு வலி வந்திச்சு. காலையில பல்லு விளக்கிட்டு நின்னவங்க அப்படியே சுவத்தப் பிடிச்சிட்டு உக்காந்துட்டாங்க. தூக்கிட்டுப் போனது ரெக்ஸ்லின் இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான். பக்கத்துல அதுதான் இருக்கு, அப்புறம் நம்ம பிள்ளை ஒண்ணு உள்ள இருக்கான்னு ஒரு தைரியம். அடைப்ப எடுத்தாங்க. ரெண்டாம் நாள் கண்ணு முழிச்சி டீ கேட்டாங்க. ரெக்ஸ்லின் வெளிய வந்து சொன்னா, “மிஸ், சார் வியாழக்கிழமை வார்டுக்கு மாறிருவாங்க.” நான் விடலையே. “இங்கிலீஷ்ல சொல்லு. அடுத்த வாரம் பரீட்சை”ன்னேன்.

ஏன் அப்படிப் பாக்க? அவளுக்கு மூணாவது தடவ. இதுலயும் போச்சுன்னா அவ வீட்ட யார் பாக்கது? ஐசியு வாசலவிட நல்ல கிளாஸ் எங்க கிடைக்கும்? நான் நெசமாவே வீட்டுக்காரி, அவ நெசமாவே நர்ஸ். நடிக்கவே வேண்டாம். யோசிச்சு யோசிச்சு சொன்னா, “ஹி ஷுட் பி மூவ்டு டு த வார்ட் பை தர்ஸ்டே, மிஸ்.” ஷுட்! முக்கா டம்ளர்! எனக்கு வந்த சந்தோசத்துல அவ கன்னத்தப் பிடிச்சிக் கிள்ளிட்டேன். உள்ள போய் சார்ட்ட சொன்னேன், அவங்களும் மாஸ்க்குக்குள்ள சிரிச்சாங்க. அதுலருந்து தினமும் சாயங்காலம் மூணரைக்குப் பாக்க விடுற நேரத்துல எனக்கும் அவளுக்கும் அதான் பேச்சு. பக்கத்துல நிக்கிற ஆளுக வாயப் பாக்கும். எனக்கென்ன?

வியாழக்கிழமை வார்டுக்கு மாத்தல. நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு, இன்னும் ரெண்டு நாள் ஆகும்னாங்க. ஷுட்னா அப்படித்தான, கால் டம்ளர் காலியாத்தான இருக்கும்.

சனிக்கிழமை. மூணரை மணி. அன்னைக்கி உள்ள விடல, ஏதோ செஞ்சிக்கிட்டு இருக்காங்க, கொஞ்சம் பொறுங்கன்னு வாச்மேன் சொன்னாரு. நின்னேன். ரெக்ஸ்லின் வெளிய வந்தா. தொப்பியக் கழத்திட்டு வந்தா, முடியெல்லாம் வேர்வையில ஒட்டிக்கிடந்துச்சு. “மிஸ், சாருக்கு...”ன்னு ஆரம்பிச்சா. கையப் பிசைஞ்சா. நான் சொன்னேன், “என்னட்டி பழையபடி கையப் பிசையுத? கைய எடு. நிமிந்து நில்லு. இங்கிலீஷ்ல.”

அவ என்னிய ஒரு பார்வை பாத்தா. பொறவு கைய ரெண்டு பக்கமும் தொங்கவிட்டா. என் கண்ணப் பாத்து, குரல் ஆடாம, ஒவ்வொரு வார்த்தையா சொன்னா. “ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹிஸ் கண்டிஷன் மே கெட் வொர்ஸ், மிஸ். த நெக்ஸ்ட் ஃபியூ அவர்ஸ் மைட் பி வெரி டிஃபிகல்ட். யூ மே வான்ட் டு கால் யுவர் சன்.”

ஒரு தப்பு இல்ல. ஆரம்பத்துலயே ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’னு இதமா எறங்குனா. மே, அரை டம்ளர். மைட், ஒரு வாய்த் தண்ணி. அப்புறம் ‘யூ மே வான்ட் டு’ன்னு ஒண்ணு சொன்னா பாரு, அது நான் சொல்லிக் குடுக்காதது! யாரு சொல்லிக் குடுத்தாளோ, எங்க படிச்சாளோ. மகனக் கூப்பிடுன்னு அதிகாரம் பண்ணாம, கூப்பிட நெனச்சாக் கூப்பிட்டுக்கோங்கன்னு. வாக்கும் குடுக்கல, பயமுறுத்தவும் இல்ல. ரெண்டு வருஷமா நான் தொண்டத் தண்ணி வத்திக் கத்துனது அன்னைக்கித்தான் அவ வாயிலருந்து வருது. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சு. “இதத்தானட்டி சொல்லுதேன், மூதி! பரீட்சையில இத அப்படியே சொல்லு, கண்ண மூடிட்டு மார்க் போடுவான்”ன்னு முதுகுல தட்டிக் குடுத்தேன். அவ “மிஸ்”னா. “மிஸ்”னு இன்னொருக்கா சொன்னா. மணி நாலு அடிக்கப் போகுது, அஞ்சு மணிக்கு எனக்குக் கிளாஸ். பதினோரு பிள்ளைக தூரந்தொலையிலருந்து வரும். “நாளைக்கு வாரேன், சார்ட்ட சொல்லிரு”ன்னுட்டு ஆட்டோவ நிறுத்தி ஏறிட்டேன்.

அர்த்தம் புரியலையான்னு கேக்கியா? முப்பத்தாறு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவளுக்கா? ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சிது.

வீட்டுக்கு வந்து மூஞ்சி கழுவி, செல்போன மேசை டிராயர்ல போட்டேன். கிளாஸ்ல போன் கூடாதுன்னு சட்டம், எனக்கும் சேத்துத்தான். அந்தச் சந்தோசம் ஆறலை எனக்கு. பிள்ளைகட்ட சொன்னேன், “இன்னைக்கி ரெக்ஸ்லின் என்ன சொன்னா தெரியுமா? எல்லாரும் எழுதிக்கோங்க”ன்னு. அந்தப் போர்டுல, அந்தா அந்தப் போர்டுலதான், மூணு வரியையும் அழகா எழுதி, மேயையும் மைட்டையும் சிவப்பு சாக்பீஸால வட்டம் போட்டேன். யாரப் பத்திச் சொன்னது, எங்க சொன்னது, ஒண்ணும் நான் சொல்லல. அதான் எல்லாருக்கும் தெரியும்லா, சார் ஆஸ்பத்திரியில இருக்காங்க, ரெக்ஸ்லின் அங்க நர்ஸுன்னு.

முத்துப்பேச்சின்னு ஒரு பிள்ளை. சேந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, கிளாஸ்லயே இங்கிலீஷ் வராத பிள்ளை. அர்த்தம் சொல்லுன்னு அவளத்தான் எழுப்புனேன். எந்திரிச்சி நின்னா. போர்டப் பாத்து ஒவ்வொரு வார்த்தையாத் தட்டுத்தடுமாறித் தமிழ்ல சொன்னா. “அவங்க நெலம இன்னும் மோசமாகலாம். அடுத்த கொஞ்ச மணி நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கலாம். உங்க மகனக் கூப்பிட...” அதோட நின்னுட்டா. “ம், மகனக் கூப்பிட?”ங்கேன் நான். அவ போர்டப் பாக்கல, என்னியப் பாக்கா. “மிஸ், நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க மிஸ்”னா.

“முழுசாச் சொல்லிட்டு உக்காரு”ன்னு நான் சொன்னேன்.

சொன்னேன்தான். வாயில அதான் வந்திச்சு. ஆனா சாக்பீஸக் கீழ வச்சிட்டு மேசைக்குப் போனேன். டிராயரத் திறந்து போன எடுத்தா, ரெக்ஸ்லின் ஏழு தடவ கூப்பிட்டிருக்கா. அஞ்சே காலுக்கு ஒரு மெசேஜ். ‘மிஸ் உடனே வாங்க’ன்னு தமிழ்ல. அஞ்சரைக்கு இன்னொண்ணு. ‘மிஸ் சார் உங்களக் கேக்காங்க.’ நான் அதப் பாக்கும்போது மணி ஆறு பத்து. முத்துப்பேச்சிதான் என்னியக் கையப் பிடிச்சி ஆட்டோவுல ஏத்திட்டுப் போனா. நான் போகும்போது எங்க சார் மேல வெள்ளைத் துணி போட்டாச்சு. காலு மட்டும் வெளிய தெரிஞ்சிது. நம்ம வாசல் மரத்து மஞ்சணத்திப் பழத்த மிதிச்ச கறை பெருவிரல் நகத்துல அப்படியே இருந்துச்சு.

ஓசூர்லருந்து மகன் விடியக்காலம் வந்தான். அழுது முடிச்சிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். “நெலம மோசம்னு நர்ஸு யாரும் ஒங்கட்ட சொல்லலையாம்மா? என்னியக் கூப்பிடச் சொல்லலையா?” யாரும் சொல்லலன்னுட்டேன் நான்.

என்ன? என்ன பாக்க? சொன்னாளா அவ? அது சொன்னதா? ஒரு பொம்பளைட்ட அவ புருசன் சாகப்போறான்னு சொல்லுதது அப்படியா? தமிழ்ல சொல்லியிருக்கலாம்லா? நான் இங்கிலீஷ்ல சொல்லுன்னு சொல்லுவேன், நான் ஆயிரம் சொல்லுவேன், அவளுக்கு அறிவு எங்க போச்சு? என் தோளப் பிடிச்சி உலுக்கி, “மிஸ், சார் போகப் போறாங்க, போகாதீங்க”ன்னு சொல்லுததுக்கு எந்த டம்ளர் வேணும்?

மகன் ஆஸ்பத்திரியில அவ மேல புகார் எழுதிக் குடுத்துட்டான். அவங்க அவளக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. அவ என் பேர இழுக்கல. மிஸ்தான் இங்கிலீஷ்ல சொல்லச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. ‘நான் இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும்’னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா. பாத்தியா, அவளே ஒத்துக்கிட்டா. பரீட்சைக்கு நாலு நாளைக்கி முன்னால இது. ஆனா போய் எழுதிட்டா. பாஸாயிட்டா. பேச்சுலதான் எல்லாத்தையும்விட மார்க்காம். சொல்லுததுக்கு வீட்டுக்கு வந்தா, கேக் டப்பாவும் கையுமா. நான் கதவத் திறக்கல. ஜன்னல் வழியாப் பாத்தேன், அந்தப் படியில அரை மணி நேரம் உக்காந்திருந்துட்டுப் போனா.

அதோட முடிஞ்சிருந்தா சவம் தொலையுதுன்னு அவள மறந்திருப்பேன். ஒரு மாசம் கழிச்சி அந்த ஐசியு ஆயா வந்தா. எங்க சார் கண்ணாடி அங்கயே விட்டுப்போச்சு, அதக் குடுக்க வந்தா. நல்ல பொம்பள. ஆறுதலா இருக்கட்டும்னு சொல்லிட்டா. “சார் கடைசியில ரொம்பத் தேடுனாங்க டீச்சர். மிஸ் எங்க, மிஸ் எங்கன்னு கேட்டாங்க. அந்த ரெக்ஸ்லின் பிள்ளதான் கையப் பிடிச்சிக்கிட்டே நின்னுச்சு. ‘வந்துருவாங்க சார், கிளம்பிட்டாங்க, இந்தா வந்துருவாங்க’ன்னு மூச்சு விடாம சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அவங்களும் சரி சரின்னு தலைய ஆட்டிக்கிட்டே போயிட்டாங்க.”

வந்துருவாங்க. கிளம்பிட்டாங்க. நான் இங்க சிவப்பு சாக்பீஸால வட்டம் போட்டுக்கிட்டு இருக்கேன். இவ அங்க நிறைஞ்ச டம்ளரா ஊத்திக் குடுத்திருக்கா. எல்லாத்தையும் அவருக்குக் குடுத்துட்டா, பாத்துக்கோ. எனக்கு மட்டும் சட்டப்படி ஒரு வாய்த் தண்ணி. இத நான் எப்படி மன்னிக்கது? நீ சொல்லு. அவரு என்னிய எதிர்பாத்துக்கிட்டே போயிருக்காரு. வருவேன்னு நம்பிக்கிட்டே. அவ சொல்லாம இருந்திருந்தா, கெட்சி வரமாட்டா, அவளுக்கு கிளாஸ் இருக்குன்னு ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டுப் போயிருப்பாரு. அவருக்கு என்னியத் தெரியும்.

அழல. நான் எங்க அழுதேன். ஃபேன் காத்து.

அந்தப் போர்டத் துணி போட்டு மூடியிருக்கேன்ல, அழிக்கல. மகன் அழிக்கப் போனான், விடல. நீ அதப் பாக்க வேண்டாம்.

கிளாஸ் கிடையாது. சொல்லிட்டேன். ஆனா ரெண்டு பஸ் மாறி வந்திருக்க, ஒண்ணே ஒண்ணு கேக்கேன், எப்படிப் பேசுதன்னு பாப்போம். எந்திரி. அந்த உள்ரூம் கதவுதான் ஐசியு. நீ வெளிய வார. நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன், நான்தான் வீட்டுக்காரி. கேக்கேன். “சிஸ்டர், எங்க சார் வீட்டுக்கு வந்துருவாங்களா?”

சொல்லு. என்னட்டி முழிக்க? இங்கிலீஷ் வரலன்னா தமிழ்ல சொல்லு. சும்மா சொல்லு, நடிப்புத்தான இது. “எங்க சார் வந்துருவாங்களா சிஸ்டர்?”

ம்?

தப்பு. இதுக்குத்தான் மார்க் போகும். வாக்குக் குடுக்கப்பிடாது, சொன்னேம்லா. ரெக்ஸ்லின் மாதிரியே கையப் பிசையுத நீயும்.

இன்னொருக்கா சொல்லு. கிட்ட வந்து சொல்லு.